படிகாரம் கட்டிய சுவர்

கீழ் லயம்,
மூங்கில்பாலம் தோட்டம்,
பசறை.
06.10.2024

அன்புள்ள யசோதினிக்கு,

நாலு படி ஏறினால் மேல் வரிசையில் உன் வாசல். இருந்தும் இந்தக் கடிதத்தைச் சந்திக் கடை ஷுக்ரி நானாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். அவர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மேல் லயத்துக்கும் கீழ் லயத்துக்கும் நடுவுல இப்ப தபால் வேறயா?" என்று கேட்டார். நான் சிரித்து மழுப்பிவிட்டு வந்தேன்.

இனிமேல் என்னோடு பேசமாட்டேன் என்று நீ மாரியம்மன் முன்னால் சூடம் அடித்துச் சத்தியம் செய்ததாக உன் பக்கத்து வீட்டுக் கருப்பம்மா சொன்னாள். சொல்லும்போது அவளுக்கு எவ்வளவு சந்தோஷம் என்கிறாய்! அம்மன் முன்னால் செய்ததை மீறு என்று சொல்ல எனக்கு வாய் வராது. நீ பேசவேண்டாம். நான் எழுதுகிறேன், நீ படி. எழுத்தைப் பற்றி நீ ஒன்றும் சத்தியம் செய்யவில்லையே. போன் போட்டால் அதுவும் பேச்சில் சேர்ந்துவிடும். என்னிடம் இருப்பது பட்டன் போன், அதில் எழுதி அனுப்ப எனக்குத் தெரியாது.

மற்றதெல்லாம் எழுதுவதற்கு முன்னால் நன்றி சொல்லிவிடுகிறேன். இவர் பீலிக்கரையில் குளிக்கப் போய் விழுந்த நாளை நான் மறக்கமாட்டேன். லீவில் வந்திருந்த உன் வீட்டுக்காரர் நிமலன் தம்பி, "மாடசாமி அண்ணே, கழுத்தைக் கெட்டியாப் பிடிச்சுக்குங்க" என்று சொல்லி, இவரை முதுகில் போட்டுக்கொண்டு மெயின் ரோடு வரை இறங்கினாரே! நீ என் கையைப் பிடித்துக்கொண்டு பதுளை ஆஸ்பத்திரி வரை வந்தாய். ஒரு கையும் ஒரு காலும் விளங்காமல் போனாலும், மனுஷன் இன்றைக்கும் படுத்துக்கொண்டே என்னோடு சண்டை பிடிக்கிறார் என்றால் அது உங்கள் இரண்டு பேராலும்தான்.

அந்த நன்றிதான் இத்தனை நாளும் என் வாயைக் கட்டிப்போட்டது. கட்டு அவிழ்ந்தது அவிழக்கூடாத நேரத்தில். உன் புது அறைக்குப் பால் காய்ச்சிய அன்று, பால் பொங்கி வரும்போது, எல்லார் முன்னாலும் "இந்தச் சுவரு நிக்குமா யசோ?" என்று கேட்டுவிட்டேன். மங்கலமான நேரத்தில் அப்படிக் கேட்டது தப்பு. மன்னித்துக்கொள்.

கேட்ட நேரம் தப்பு என்றாலும் கேட்ட விஷயத்தை நீ கொஞ்சம் யோசிக்கவேண்டும். உன் வாசலின் ஓரத்தில் இருப்பது பழைய மண் இல்லை. ரோட்டை வெட்டி அகலமாக்கியபோது கொண்டுவந்து கொட்டிய மண். அதன் விளிம்பில் சுவர் நிற்கிறது. சுவருக்கு நேர் கீழே எங்கள் அடுப்படி. இவருக்குக் குளிர் ஆகாது என்று அடுப்புக்குப் பக்கத்தில்தான் பாய் போட்டிருக்கிறேன். ஏதாவது நடந்தால் எழுந்து ஓட முடியாத மனுஷர் அவர்.

நான் உன் சுவரைப் பார்ப்பது பயத்தில்தான் யசோ. பொறாமை என்று நினைத்தால் என் மனம் தாங்காது.

இப்படிக்கு,
விஜயலெட்சுமி


மேல் லயம்,
09.10.2024

விஜி அக்காவுக்கு,

எழுத்துக்குச் சத்தியம் இல்லை என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அதனால் எழுதுகிறேன். நான் சமாதானமாகிவிட்டேன் என்று நினைக்கவேண்டாம்.

உங்களுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு காம்பரா. அதில் நான், பாப்பா, மாமியார். அவர் கத்தாரிலிருந்து லீவில் வந்தால் திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் மாமியார். நாங்கள் இரண்டு பேரும் வாய்விட்டு ஒரு பேச்சுப் பேசியது கிடையாது. சண்டை போடக்கூட மெதுவாகத்தான் போடவேண்டும். தை பிறந்தால் அவர் ஒரேயடியாக வந்துவிடுகிறார். அவர் அந்த வெயிலில் நின்று அனுப்பியதில் எழும்பிய அறை அது. வந்து கதவைச் சாத்திக்கொண்டு காலை நீட்டிப் படுக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். பால் பொங்கும்போது நீங்கள் அந்த வார்த்தையைக் கேட்டீர்கள்.

அதே கிழமை பாப்பாவுக்குக் காய்ச்சல். அடுத்த கிழமை முட்டையிடும் கோழி செத்துப்போனது. நீங்கள் காலையில் பிள்ளைக் காம்பராவுக்குக் குழந்தைகளைப் பார்க்கும் வேலைக்குப் போகும்போது ஒருமுறை, வந்தபிறகு ஒருமுறை, தண்ணீர் எடுக்கும்போது ஒருமுறை, கழுத்தை அண்ணாந்து எங்கள் சுவரையே பார்க்கிறீர்கள். பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? கண்ணூறு என்று நான் நினைத்ததில் என்ன தப்பு?

ஆமாம், அதற்குத்தான் படிகாரம் கட்டியிருக்கிறேன். சுவர் உச்சியில் ஆணி அடித்து, கறுப்புக் கயிற்றில், எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் சேர்த்து. உங்கள் அடுப்படியைப் பார்த்துத்தான் கட்டினேன். தெரியட்டும் என்றுதான் கட்டினேன்.

சுவரைக் கட்டிய மேசன் பாஸ் மொனராகலைப் பக்கத்து ஆள். அங்கே எத்தனையோ வீடு கட்டியவர். "தங்கச்சி, இது உங்க பேரப்பிள்ளை காலத்துக்கும் நிக்கும்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

இன்னொன்று. அண்ணனுக்கு நாங்கள் செய்ததைச் சுவரோடு சேர்த்து எழுதாதீர்கள். அது வேறு, இது வேறு. அவர் எனக்கு அண்ணன். நீங்கள்தான் எனக்கு ஆகாதவர்.

வெள்ளிக்கிழமை பதுளைக்குப் போகிறேன். அண்ணனின் பிரஷர் குளிசை முடிந்திருந்தால் மருந்துத் துண்டை ஷுக்ரி நானாவிடம் கொடுத்து வையுங்கள்.

யசோதினி


கீழ் லயம்,
20.10.2024

அன்புள்ள யசோவுக்கு,

குளிசை கிடைத்தது. அதோடு தைலப் போத்தல் ஒன்றும் வைத்திருந்தாய். நான் கேட்கவேயில்லை. இவருக்கு அதைத் தேய்த்துவிட்டபோது, "ஆகாதவ வாங்கினதுதானே, நல்லா எரியுது" என்று கிண்டல் செய்தார். ஒரு பக்கத்து வாயால்தான் சிரிக்க முடிகிறது. இருந்தாலும் அரைமணி நேரம் சிரித்தார். அதற்கும் சேர்த்து நன்றி.

நீ எழுதியதை இவருக்கு முழுதாகப் படித்துக் காட்டினேன். திரைச்சீலை விஷயத்தை மட்டும் இரண்டு தரம் படித்தேன். நானும் மாமியாரும் நாத்தனாரும் இருந்த காம்பராவில்தான் குடித்தனத்தைத் தொடங்கினேன். அந்த அறை உனக்கு என்ன என்று எனக்குத் தெரியும். அது நிற்கவேண்டும் என்றுதான் நானும் விரும்புகிறேன்.

படிகாரத்தைப் பார்த்த அன்று நான் அழுதது உண்மை. இத்தனை வருடமாகப் புழங்கிவிட்டு என்னைப் பார்த்துத் திருஷ்டி கழிக்கிறாளே என்று இருந்தது. சோற்றைக்கூட அங்கே உட்கார்ந்து தின்ன மனம் வரவில்லை. ஆனால் கட்டியது எனக்காக என்பதால் நான்தான் அதைத் தினமும் பார்க்கிறேன். பார்த்துப் பார்த்து ஒன்றைக் கண்டுபிடித்தேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீ கட்டிய அன்று படிகாரம் சுவரோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. காற்றடித்தால் சுவரில் டக்கு டக்கென்று தட்டும். அந்தச் சத்தம் எனக்கு எரிச்சலாக இருக்கும். இப்போது அந்தச் சத்தமே இல்லை. ஏணி போட்டு ஏறிக் கிட்டப் போய்ப் பார்த்தேன். மேலே ஆணியடியில் கயிறு சுவரைத் தொட்டுக்கொண்டு இருக்கிறது. கீழே படிகாரத்துக்கும் சுவருக்கும் நடுவில் என் பெருவிரல் நுழைகிறது. கயிறு எப்போதும் நேராகத்தான் தொங்கும் யசோ. அப்படியானால் சாய்வது சுவர். எங்கள் பக்கமாகச் சாய்கிறது.

இவரிடம் சொன்னேன். "நம்மளைப் பாத்துக் கட்டினது நமக்கே வேலை செய்யுதே" என்றார். பிறகு சிரிக்கவில்லை.

என் பேச்சை நம்பவேண்டாம். நீயே இறங்கி வந்து பார். காலையில் நான் பிள்ளைக் காம்பராவுக்குப் போனபிறகு வா. நான் இருக்கமாட்டேன், உன் சத்தியத்துக்கும் ஒன்றும் ஆகாது. ஏணியை அங்கேயே சாய்த்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
விஜயலெட்சுமி


மேல் லயம்,
01.11.2024

விஜி அக்காவுக்கு,

தீபாவளிப் பலகாரம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். முறுக்கும் பயற்றம் பணியாரமும். அண்ணனுக்கு முறுக்கு கடிக்க வராது என்று பணியாரம் கூட வைத்தேன். இது மாமியார் பெரியாயி அனுப்பியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் வந்து பார்க்கவில்லை. பார்க்கவும் மாட்டேன். அது காற்று. ஐப்பசி மாதம் மேலே எப்படிக் காற்றடிக்கும் என்று கீழே இருக்கும் உங்களுக்குத் தெரியாது. கயிறு முறுக்கிக்கொண்டு தள்ளி நிற்கிறது, அவ்வளவுதான்.

அவரிடம் போனில் சொன்னேன். என் பக்கம் பேசுவார் என்றுதான் சொன்னேன். அவரோ, "விஜி அக்கா சும்மா ஒண்ணு சொல்ற ஆள் இல்லையே, நீ ஒரு தடவை பாத்தா என்ன?" என்கிறார். எனக்கு வந்ததே கோபம்! கடல் தாண்டி இருந்துகொண்டு உங்களுக்குப் பரிந்து பேசுகிறார். அன்றைக்கு நான் அவரோடும் பேசவில்லை. அதற்குச் சத்தியம் எல்லாம் செய்யவில்லை.

நீங்கள் எழுதியதிலிருந்து எனக்கு ஒரு புது வியாதி வந்திருக்கிறது. துணி காயப்போடும்போது எட்டிப் பார்க்கிறேன். கோழிக்குத் தீனி போடும்போது எட்டிப் பார்க்கிறேன். வாசல் ஓரத்திலிருந்து பார்த்தால் கயிற்றின் முடிச்சு மட்டும்தான் தெரிகிறது. அதையும் பார்க்கிறேன். நீங்கள் செய்த வேலை இது.

யசோதினி


கீழ் லயம்,
10.11.2024

அன்புள்ள யசோவுக்கு,

உன் மாமியாருக்கு நன்றி சொல்லிவிடு. ஆனால் பெரியாயி அத்தைக்குப் பணியாரத்தில் இவ்வளவு ஏலக்காய் போடும் பழக்கம் எப்போது வந்தது என்று இவர் கேட்கிறார். தட்டை வெறுமையாக அனுப்பக்கூடாது என்று எங்கள் வேலியில் காய்த்த சௌசௌவும் ஒரு பிடி சீனியும் வைத்திருக்கிறேன்.

மழை பிடித்துக்கொண்டது. உன் வாசல் தண்ணீர் முன்பெல்லாம் ஓரத்து வடிகால் கானில் விழுந்து வடிந்துவிடும். இப்போது கானுக்கு மேல் அறை நிற்கிறது. தண்ணீர் எங்கே போகிறது என்று பார்த்தேன். எங்கேயும் போகவில்லை. அந்தக் கொட்டிய மண்ணுக்குள்தான் இறங்குகிறது. சுவருக்கு அடியில் மண் ஊறி, எங்கள் அடுப்படிப் பின்சுவரில் ஈரம் கசிகிறது.

பாஸ் மேல் எனக்குக் கோபம் இல்லை. சமதரையில் கட்டிப் பழகியவருக்கு நம் மலைத் தண்ணீர் தெரிய நியாயமில்லை. நாமாவது சொல்லியிருக்கவேண்டும்.

படிகாரத்துக்குப் பின்னால் இப்போது மூன்று விரல் போகிறது. காற்றே இல்லாத நாளிலும் பார்த்துவிட்டேன். உன்னோடு வழக்காட இதை எழுதவில்லை.

இவரை முன் காம்பராவுக்கு மாற்றலாமே என்று நீ கேட்கலாம். மாற்றிப் பார்த்தேன். அங்கே தரை ஈரம், தரையில் படுத்தால் விடிய விடிய இருமுகிறார். கைகால் விறைத்துப்போகிறது. "இருமிச் சாகிறதை விட அடுப்புக் கணப்புல சாகிறேன்" என்று பிடிவாதம். அதனால் திரும்ப அடுப்படிக்கே கொண்டுவந்தேன். நான் வேலைக்குப் போகும்போதெல்லாம், திரும்பி வரும்வரை அந்த மனுஷன் இருக்கவேண்டுமே என்று அம்மனைக் கும்பிட்டுக்கொண்டே போகிறேன். உனக்குப் புரியும்படி இதைவிட எனக்கு எழுதத் தெரியவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். எங்களை விடு. பாப்பாவை அந்தச் சுவரோரம் தூங்கவைக்காதே. ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது நீ அவளைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுக் கொழுந்து பறிக்கப் போனாய். பால்குடி மறக்கும்வரை அவள் என் மடியில் தூங்கியவள். அந்த உரிமையில் கேட்கிறேன். எங்கள் பிள்ளைகள் வளர்ந்து போனபிறகு மடியில் ஒரு பிள்ளையைத் தந்தாயே, அதற்கு நான் இன்னும் உனக்கு நன்றி சொல்லவேயில்லை.

இப்படிக்கு,
விஜயலெட்சுமி


மேல் லயம்,
17.11.2024

அன்புள்ள விஜி அக்காவுக்கு,

நேற்றுப் பாப்பாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். புது அறையில்தான். சீப்பு கைதவறிச் சுவரோரம் விழுந்தது. எடுக்கக் கை நீட்டினேன். சீப்பைக் காணவில்லை.

தரைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு வெடிப்பு. மேலே பாய் விரித்திருந்ததால் எனக்குத் தெரியவில்லை. பாயைத் தூக்கிப் பார்த்தேன். அறை நீளத்துக்கும் போகிறது. சீப்பு அதற்குள் போய்விட்டது. உள்ளே எட்டிப் பார்த்தால் இருட்டு. தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது அக்கா.

இன்று காலை நீங்கள் கோயிலுக்குப் போனபிறகு இறங்கி வந்தேன். அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தார். ஏணியில் ஏறினேன். படிகாரத்துக்குப் பின்னால் என் கை முழுதாக நுழைந்தது. கீழே இறங்கி, ஏணிக்கும் அண்ணனின் பாய்க்கும் எவ்வளவு தூரம் என்று பார்த்தேன். பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

பாஸ் போனை எடுக்கவில்லை. கத்தாருக்குப் போன் போட்டு அவரிடம் சொன்னேன். "உடைச்சிரு யசோ" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான்தான் அழுதேன். சனிக்கிழமை இரண்டு ஆட்கள் வந்து சுவரைப் பிரித்து இறக்குகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். மழையில் அதற்கு முன்னால் யாரும் வரமுடியாதாம்.

அதுவரை அண்ணனைத் தயவுசெய்து முன் காம்பராவில் வையுங்கள். தரை ஈரம் என்றால், அவர் வந்தால் படுக்க என்று புது அறைக்கு வாங்கிய கட்டிலைக் கொடுத்து அனுப்புகிறேன். மாமியாரும் கருப்பம்மா மகன்மாரும் தூக்கி வருவார்கள். ஒரு கம்பளியும் வைத்திருக்கிறேன். வேண்டாம் என்று சொல்லாதீர்கள். நாங்கள் மூன்று பேரும் பழைய காம்பராவுக்கே வந்துவிட்டோம்.

நேரில் வந்து சொல்லவேண்டியதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அம்மன் முன்னால் வாய்விட்டேன், என்ன செய்வது? பாப்பாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

எனக்கு எல்லாமே பயமாக இருக்கிறது அக்கா.

அன்புடன்,
யசோ


மகள் வீடு,
பண்டாரவளை.
27.11.2024

என் அன்புள்ள யசோவுக்கு,

மகள் வந்து எங்கள் இரண்டு பேரையும் பண்டாரவளைக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். என் போன் அடுப்படியோடு போய்விட்டது. அவள் போனில் உன்னைக் கூப்பிடுகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். உன் குரலைக் கேட்டால் என்னால் ஒரு வார்த்தை பேச முடியாது. எழுதினாலாவது நின்று நிதானமாகச் சொல்லலாம்.

நடந்ததை நீயும் அறிவாய். ஆனாலும் எனக்கு அதைத் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டும் போல இருக்கிறது.

உன் கட்டில் வந்த நாளிலிருந்து இவர் முன் காம்பராவில் ராஜா மாதிரி படுத்திருந்தார். வியாழக்கிழமை மழைக்கு லீவு விட்டதால் நானும் வீட்டில். மத்தியானம் குளிர் அதிகமாகி, கால் விறைக்கிறது, கொஞ்ச நேரம் அடுப்பங்கரையில் உட்காரவை என்றார். ஒரே பிடிவாதம். கொஞ்ச நேரம்தானே என்று நானும் இழுத்துக்கொண்டு போய் உட்காரவைத்துத் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தேன். பெய்கிற மழையில் தகரம் இடிக்கிற சத்தத்தைத் தவிர வேறொன்றும் காதில் விழவில்லை.

அந்தச் சத்தத்தையும் மீறி உன் குரல் கேட்டது. "அக்கா! விஜி அக்கா! அண்ணனைத் தூக்குங்க! வெளிய வாங்க!"

இரண்டு மாதம் கழித்து உன் குரலைக் கேட்கிறேன் யசோ. முதலில் என்ன சொன்னாய் என்றே விளங்கவில்லை. யசோ பேசுகிறாள் என்று மட்டும்தான் நினைத்தேன். அடுத்த நிமிடம் படி வழுக்கி விழுந்து, முழங்காலெல்லாம் சேறாக, நீயே அடுப்படி வாசலில் நின்றாய். நீ தலைப்பக்கம், நான் கால்பக்கம். அவரை எப்படித் தூக்கினோம் என்று இன்றைக்கும் தெரியவில்லை. முன் காம்பராவைத் தாண்டி வாசலுக்கு வந்து, உன் மாமியார் பிடித்த குடைக்குள் அவர் தலையை வைக்கவும் பின்னால் அந்தச் சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது.

அடுப்பு இருந்த இடத்தில் சிமெந்துக் கல். பாய் இருந்த இடத்தில் சிமெந்துக் கல். நீ அங்கேயே சேற்றில் உட்கார்ந்து அழுதாய். நான் உன்னைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஆனால் நீ ஒரு வார்த்தை பேசவில்லை. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாய். சத்தியத்தை உடைத்துவிட்டேனே என்று நீ பயந்தது எனக்கு அப்போது புரியவில்லை. இங்கே வந்தபிறகுதான் புரிந்தது.

அடுத்த நாள் கிராம சேவகர் வந்து பார்த்துவிட்டு, "இதுக்குள்ள யாரும் இருக்கலையா?" என்று இரண்டு முறை கேட்டார். இருந்தவரை நான் காட்டினேன். கட்டிலில் படுத்துக்கொண்டு பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்.

கேட்க நினைத்தது இன்னொன்று உண்டு. அந்த நேரத்தில் நீ எப்படி எட்டிப் பார்த்தாய்? எட்டிப் பார்க்கும் வியாதி என்று எழுதினாயே, அதுதானா? அந்த வியாதி உனக்குத் தீராமல் இருந்ததற்கு அம்மனுக்கு நன்றி சொல்கிறேன்.

இவர் உன்னைப் பற்றி இங்கே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். பாதி வார்த்தை மற்றவர்களுக்கு விளங்காது, நான்தான் மொழிபெயர்க்கிறேன். "புருஷன் முதுகுல தூக்கினான், பொஞ்சாதி தலையில தூக்கினா. அந்த வீட்டுக்கு என்னைத் தூக்குறதே வேலை" என்கிறார். சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைக்கத் தலையணையில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

இதோடு ஒரு பொட்டலம் வைத்திருக்கிறேன். கல்லைப் பொறுக்கும்போது எங்கள் அடுப்படியில் கிடைத்தது. உன் சீப்பு. ஒரு பல்கூட உடையவில்லை. பாப்பாவுக்குத் தலை வாரிவிடு.

உன் அறை போய்விட்டதே யசோ. எங்கள் உயிருக்கு நன்றி சொல்கிற நேரத்திலும் அதை நினைத்தால் மனம் ஆறவில்லை.

என்றும் அன்புடன்,
விஜி அக்கா


மேல் லயம்,
மூங்கில்பாலம் தோட்டம்,
பசறை.
10.01.2025

அன்புள்ள அக்காவுக்கும் அண்ணனுக்கும்,

பதில் எழுத இவ்வளவு நாளானதற்குக் கோபிக்கவேண்டாம். எழுதினால் நல்ல செய்தியோடு எழுதவேண்டும் என்று காத்திருந்தேன்.

நீங்கள் கேட்டதற்கு முதலில் பதில். வியாதிதான். கொடியில் கிடந்த துணியை எடுக்க வெளியே வந்தேன். வழக்கம்போல எட்டிப் பார்த்தேன். எப்போதும் முடிச்சு மட்டும்தான் தெரியும் என்று எழுதினேன் அல்லவா? அன்றைக்குப் படிகாரம் முழுதாகத் தெரிந்தது. எலுமிச்சம்பழமும் தெரிந்தது. மேலே நிற்கிற என் கண்ணுக்கு அது தெரிகிறது என்றால் சுவர் எவ்வளவு சாய்ந்திருக்கவேண்டும் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே உங்கள் கூரையில் புகை வந்தது. புகை வந்தால் நீங்கள் அடுப்படியில் இருக்கிறீர்கள். பிறகு நான் யோசிக்கவில்லை.

கத்தியது எனக்கே தெரியாது அக்கா. உங்களைப் பிடித்து அழும்போதுதான் சத்தியம் நினைவுக்கு வந்தது. பாப்பா மேல் எதுவும் வந்துவிடக்கூடாதே என்று பயந்துபோனேன். அதனால்தான் வாயைப் பொத்திக்கொண்டேன். அடுத்த வெள்ளிக்கிழமையே கோயிலுக்குப் போய்ப் பூசாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திருநீற்றைப் பூசிவிட்டு, "பேசாம இருந்திருந்தாத்தான் ஆத்தா கேட்டிருப்பா. போ பிள்ளை, போய் அவங்ககூட நாலு வார்த்தை பேசு" என்றார். சூடம் கொளுத்திச் சத்தியத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டேன். பாப்பா நன்றாக இருக்கிறாள். உங்கள் சீப்பில்தான் வாருகிறேன். உங்கள் சீப்பு என்றுதான் வீட்டில் அதற்குப் பெயர்.

அவர் தை வரை காத்திருக்காமல் மார்கழியிலேயே வந்துவிட்டார். வந்த அன்று பெட்டியைக்கூடத் திறக்கவில்லை. இடிந்த இடத்தில் போய் நின்றார். அவர் மூன்று வருடம் வெயிலில் நின்றதெல்லாம் உங்கள் அடுப்படியில் கல்லாகக் கிடந்தது. என்னைத் திட்டுவார் என்று தள்ளி நின்றேன். அவர் கீழே இறங்கி, அண்ணனின் பாய் கிடந்த இடத்தைக் காலால் அளந்து பார்த்துவிட்டு, என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "நல்ல வேளை, நீ கத்தினியே" என்றார். நான் சொன்னேன், "நல்ல வேளை, அக்கா எழுதினாங்களே" என்று. நீங்கள் எழுதாமல் இருந்திருந்தால் நான் எதற்கு எட்டிப் பார்க்கப் போகிறேன்? பாப்பாவும் நானும் அந்தச் சுவரோரமே படுத்திருப்போம். நீங்கள் எனக்கு நன்றி எழுதுகிறீர்கள். நான் உங்களுக்கு எப்படி எழுதுவது என்று தெரியாமல் இத்தனை நாளும் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இனி நல்ல செய்தி. விழுந்த கற்களில் நல்லதை எல்லாம் பொறுக்கி, முதலில் உங்கள் அடுப்படியைக் கட்டிவிட்டோம். அவரும் கருப்பம்மாவின் மகன்மாரும் கட்டினார்கள். உங்கள் அடுப்பு அதே இடத்தில், அண்ணனுக்கு அதன் பக்கத்தில் படுக்க உயரமாக ஒரு திண்டு. கருப்பம்மா தினமும் தேத்தண்ணி ஊற்றினாள், ஊர்க்கதையும் சேர்த்து ஊற்றினாள். மிச்சக் கல்லில் எங்கள் அறை. இந்த முறை விளிம்பிலிருந்து தள்ளி, பழைய மண்ணில், கீழே கருங்கல் அடுக்கி. கானைத் திறந்து விட்டாயிற்று. அறை முன்பு இருந்ததில் பாதிதான் வரும். அவர் காலை நீட்டிப் படுத்தால் கால் கதவில் இடிக்கும். கதவு இருக்கிறதே, அது போதும் என்கிறார்.

புதுப் படிகாரம் ஒன்று வாங்கிக் கட்டியிருக்கிறேன். அதே மாதிரி உச்சியில் ஆணி அடித்து, உங்கள் அடுப்படியைப் பார்த்து. இதையும் நீங்கள்தான் தினமும் பார்க்கவேண்டும். காற்றடித்தால் டக்கு டக்கென்று சுவரில் தட்டுகிறது. எரிச்சலாக இருந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சத்தம் நின்றால் மட்டும் என்னைக் கூப்பிடுங்கள்.

தைப்பொங்கல் அன்று காலை இரண்டு வீட்டுக்கும் சேர்த்துப் பால் காய்ச்சுகிறோம். ஷுக்ரி நானாவுக்கும் சொல்லியாயிற்று. "இனிமே எனக்குத் தபால் வேலை இல்லை, அப்பாடா" என்றார். முதல் நாளே பாப்பாவின் அப்பா வேன் பிடித்துக்கொண்டு பண்டாரவளைக்கு வருவார். அண்ணனைத் தூக்குவது எங்கள் வீட்டு வேலை என்று அண்ணனே சொல்லிவிட்டாரே, அதை யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டோம்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான் அக்கா. பால் பொங்கி வரும்போது நீங்கள் என் பக்கத்தில் நிற்கவேண்டும். எல்லார் முன்னாலும், நல்ல சத்தமாக, அன்றைக்குக் கேட்ட அதே கேள்வியைக் கேட்கவேண்டும். நீங்கள் கேட்டு, நான் பதில் சொன்னபிறகுதான் பாலை இறக்குவேன்.

உங்கள் தங்கச்சி,
யசோ